பிராட்வே மெலடி (1929): ஹாங்க் மஹோனியின் பக்கம் நின்று

திரைக்கடல்:

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியவற்றைத் தரம்பிரிக்கும் பட்டியல் எது வந்தாலும், கடைசி வரிசையில் தவறாமல் உட்கார்ந்திருக்கும் படம் 'தி பிராட்வே மெலடி'. எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவின் தயாரிப்பு, ஹாரி போமான்ட் இயக்கம், 1929. கதை தேய்ந்த கதை, கேமரா அசையாது, நடனம் சுமார், பாட்டை மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் ஊர் தீர்ப்பு. அதில் பாதி சரி. ஆனால் பெஸ்ஸி லவ் நடித்த ஹாங்க் என்ற பெண்ணை இந்தப் பட்டியல்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். அதற்காகத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குக் கதை: ஹாங்க், குவீனி என்று அக்கா தங்கை. ஊர் ஊராகப் போய் வாட்வில் மேடைகளில், அதாவது பாட்டும் ஆட்டமும் சிரிப்பும் கலந்த கதம்ப நிகழ்ச்சிகளில், ஆடிப்பாடுகிறவர்கள். அக்காவின் காதலன் எட்டி நியூயார்க்கில் ஒரு பாட்டு எழுதி, சான்ஃபீல்ட் என்ற பெரிய முதலாளியின் மேடை நிகழ்ச்சியில் இடம்பிடித்துவிட்டான். அவனை நம்பி இருவரும் வருகிறார்கள். வந்த இடத்தில் தங்கையின் அழகுக்குத்தான் கிராக்கி. ஒத்திகையில் கப்பல் முனையில் சிலைபோல நிற்கவேண்டிய பெண் மேலிருந்து விழுந்துவிட, அந்த இடத்தில் குவீனியை ஏற்றி நிறுத்துகிறார்கள். அங்கிருந்து அவள் வாழ்க்கை ஒரு பக்கம், அக்காவின் வாழ்க்கை வேறு பக்கம். எட்டியின் மனமும் தங்கை பக்கம் சாய்கிறது. தங்கையோ அக்காவுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று ஒரு பணக்காரப் போக்கிரியின் பின்னால் போகிறாள்.

கதையாகச் சொன்னால் எதுவும் இல்லைதான். ஆனால் ஒப்பனை அறைக் காட்சி ஒன்று இருக்கிறது. எட்டி விரும்புவது தங்கையை என்று ஹாங்குக்கு அங்கேதான் புரிகிறது. உடனே அவள் அழவில்லை. 'நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை, போய் அவளைக் காப்பாற்று, பயந்தாங்கொள்ளி' என்கிற தோரணையில் அவனைத் திட்டித் துரத்துகிறாள். அவன் போனதும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கோல்டு கிரீமை அள்ளி முகத்தில் பூசத் தொடங்குகிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகின்றன, கை மட்டும் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் தொலைபேசியை எடுத்து, முன்பு வேண்டாமென்று தள்ளிய வெளியூர்ச் சுற்றுப்பயணத்துக்குச் சம்மதம் சொல்கிறாள். பேசும்படம் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரத்தில் இப்படி ஒரு நடிப்பு. இதை எப்படிக் கடந்துபோகிறார்கள்?

மணிபல்லவம்:

அந்த ஒரு காட்சிக்காக மீதி நூறு நிமிடத்தையும் மன்னித்துவிடச் சொல்கிறீர்களா? எனக்கு முடியவில்லை. எட்டியாக வரும் சார்லஸ் கிங் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதுபோலவே எல்லா வசனத்தையும் பேசுகிறார். அக்கா தங்கையின் திக்குவாய் மாமாவை வைத்துச் செய்யும் சிரிப்பு அன்றைக்கும் ரசக்குறைவுதான். பணக்கார வில்லன் ஜாக் வாரினர் வரும் காட்சியெல்லாம் சுருக்கியிருக்கலாம்.

அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும் என்ற சமாதானமும் எடுபடாது. 1928-இல் வந்த மௌனப்படங்களைப் பாருங்கள். லிலியன் கிஷ் நடித்த 'தி விண்ட்' அதே எம்ஜிஎம் படம்தான். அதில் காற்றும் மணலும் கண்ணுக்குள் புகுவதுபோல இருக்கும். அந்த உயரத்துக்குப் போன ஒரு கலை, வாய் பேசத் தொடங்கியதும் நாடக மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்குத்தானே ஆஸ்கர் கொடுத்தார்கள்?

ஒலித்தடம்:

மணிபல்லவம் சொல்லும் இறக்கம் உண்மை. ஆனால் அது போமான்டின் கையாலாகாத்தனம் இல்லை. அவரே 1928-இல் 'அவர் டான்சிங் டாட்டர்ஸ்' என்ற படத்தை இயக்கினார், ஜோன் க்ராஃபோர்டுக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்த படம். வசனம் கிடையாது, இசையும் சத்தமும் மட்டும் பிற்பாடு சேர்த்தது. அதில் கேமரா நன்றாகவே ஓடியாடும். அதே ஆள், சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் கட்டிப்போட்டதுபோல நிற்கிறார் என்றால் காரணம் மைக்.

நான் ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அன்றைய கேமரா ஓடும்போது எழும் சத்தம் மைக்கில் அப்படியே விழும். அதனால் கேமராவையும் கேமராமேனையும் சேர்த்து, சத்தம் வெளியே வராத ஒரு பெட்டி அறைக்குள் அடைத்துக் கண்ணாடி வழியாகப் படம்பிடித்தார்கள். உள்ளே காற்று கிடையாது, வெந்துபோவார்கள். மௌனப்படத்துக்குப் பயன்பட்ட ஆர்க் விளக்குகள் இரைச்சல் போடும் என்பதால் விளக்குகளையும் மாற்றவேண்டி வந்தது. மைக் ஒரே இடத்தில் தொங்கும், நடிகர் அதன் எல்லைக்குள் நிற்கவேண்டும். ஒலியை இஷ்டம்போல வெட்டி ஒட்ட முடியாது. எனவே இரண்டு மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, முழுக்காட்சியையும் ஒரே மூச்சில் நடிக்கவைப்பார்கள். பாட்டு என்றால் இசைக்குழுவும் அதே தளத்தில், சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்து வாசிக்கும். யாராவது ஒருவர் பிசகினால் எல்லாமே முதலிலிருந்து.

இந்த இடத்தில்தான் இந்தப் படம் சினிமா சரித்திரத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறது. 'வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்' என்ற நடனத்தை வழக்கம்போல எடுத்து முடித்திருந்தார்கள். எம்ஜிஎம்மின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் பார்த்துவிட்டு, இது மேடையில் பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது, மறுபடி எடுங்கள் என்றார். திரும்ப எடுப்பது என்றால் இசைக்குழுவையும் திரும்பக் கூப்பிடவேண்டும். ஒலிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டக்ளஸ் ஷியரர், நடிகை நார்மா ஷியரரின் அண்ணன். பதிவான ஒலியில் குறை எதுவும் இல்லையே, அதையே ஒலிபெருக்கியில் போடலாம், பெண்கள் அதற்கு ஆடட்டும், படத்தைப் பிற்பாடு ஒலியோடு பொருத்திக்கொள்ளலாம் என்று அவர் யோசனை சொன்னார். அப்படியே செய்தார்கள். இன்றுவரை உலகம் முழுக்கப் பாட்டுக் காட்சி எடுக்கும் முறை அதுதானே.

வெண்ணிலா:

ஒலித்தடம் அண்ணா, அந்த நடனம் கலரில் எடுத்தது என்று எங்கோ படித்தேன். நான் பார்த்த பிரதியில் கறுப்பு வெள்ளைதான் இருந்தது. கலர்ப் பிரதி எங்காவது கிடைக்குமா?

ஒலித்தடம்:

கிடைக்காதம்மா. இரு வண்ண டெக்னிகலரில் எடுத்தார்கள் என்பது சரி, சிவப்பும் பச்சையும் கலந்து வரும் பழைய முறை. ஆனால் இப்போது மிஞ்சியிருப்பது கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும். அந்த நடனம் இன்று தட்டையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பொம்மைக் கல்யாணத்துக்காகத் தைத்த உடுப்புகளும் அரங்கமும் நிறத்துக்காகவே போட்டவை, நிறம் போனபின் வெறும் கூட்டம்தான் தெரிகிறது. அந்த வருடத்து இசைப்படங்களில் பலவற்றின் கதி இதைவிட மோசம். வார்னர் ஸ்டூடியோவின் 'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே' முழுக்க டெக்னிகலரில் வந்து சக்கைப்போடு போட்ட படம், இன்று கடைசிப் பகுதியிலிருந்து சில துண்டுகள்தான் மிச்சம். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

மணிபல்லவம்:

தொழில்நுட்பச் சிரமம் எல்லாம் சரி. ஆனால் அதே 1929-இல், அதே சிரமங்களோடு, அதே மாதிரி மேடைக் கலைஞர் கதையை வைத்து ரூபன் மமூலியன் 'அப்ளாஸ்' எடுத்துக் காட்டினாரே? கதை நடப்பது மலிவான பர்லெஸ்க் மேடையில், கேலியும் கவர்ச்சி ஆட்டமும் கலந்த கேளிக்கை அது. நாயகி கிழடுதட்டிப்போன ஆட்டக்காரி, நடித்தது ஹெலன் மார்கன். நாடகத்திலிருந்து முதல்முறை சினிமாவுக்கு வந்த மனிதர் மமூலியன். கேமரா நகராது என்று சொன்னவர்களிடம் சண்டைபோட்டு அந்தப் பெட்டியோடு சேர்த்து நகர்த்தவைத்தார். ஒரு காட்சியில் அம்மா தாலாட்டுப் பாடுகிறாள், மகள் படுக்கையில் முணுமுணுவென்று ஜெபம் சொல்கிறாள். ஒரே மைக்கில் இரண்டையும் பிடிக்க முடியாது என்றார்கள். இரண்டு மைக் வைத்துத் தனித்தனியாகப் பதிந்து பிற்பாடு கலக்கலாமே என்றார். நடந்தது. அந்தக் காட்சியில் பாட்டும் ஜெபமும் ஒன்றின்மேல் ஒன்று மிதக்கும்.

ஆக, முடியாது என்பது இல்லை. எம்ஜிஎம்மில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திரைக்கடல்:

'அப்ளாஸ்' பெரிய படம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அது வந்தது அக்டோபரில். 'பிராட்வே மெலடி' லாஸ் ஏஞ்சலிஸின் சைனீஸ் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது பிப்ரவரி 1. அந்த எட்டு மாதத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. முதல் பேசும்படம் 'ஜாஸ் சிங்கர்' (1927) என்று எல்லோரும் சொல்கிறோமே, அதில் பெரும்பகுதி மௌனப்படம்தான், நடுநடுவே அல் ஜோல்சன் பாடுவார், கொஞ்சம் பேசுவார். முழுக்கப் பேசி, முழுக்கப் பாடி, ஆடி, அதையே விளம்பரமாகவும் போட்டு வந்தது இந்தப் படம். அப்படியும் காட்சிக்குக் காட்சி எழுத்து அட்டை போடும் மௌனப்பட வழக்கத்தை விட மனமில்லை. ஒலிக்கருவி வைக்காத கொட்டகைகளுக்காக மௌனப் பிரதியும் தனியாக அனுப்பினார்கள்.

ஒலியை யாருமே ரசித்துப் பயன்படுத்தவில்லை என்றும் சொல்ல முடியாது. தொடக்கக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். இசை வெளியீட்டாளரின் அலுவலகம். ஒரு அறையில் பியானோ, இன்னொன்றில் பெண் குரல், வேறொன்றில் ஊதுகருவிகள், எல்லாம் ஒரே நேரத்தில். கதவு திறந்தால் ஒரு பாட்டு, மூடினால் இன்னொன்று. அந்தக் கூச்சலுக்கு நடுவே எட்டி வந்து தன் புதுப் பாட்டை வாசித்துக் காட்டுகிறான், ஒவ்வொருவராகத் தங்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். காதுக்காகவே யோசித்து எழுதிய காட்சி அது.

கேமரா அசையாததை நான் ஹாங்கின் காட்சியில் குறையாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டாமல், நெருங்காமல், அவள் முகத்தையும் கையையும் ஒன்றாகப் பார்க்கவிடுகிறது. இன்றைக்கு எடுத்தால் கண்ணீர்த் துளிக்கு ஒரு குளோசப், கிரீம் டப்பாவுக்கு ஒரு குளோசப் என்று நறுக்கிப் போட்டிருப்பார்கள்.

பழையகொட்டகை:

இழையை இப்போதுதான் பார்த்தேன். இதுவரை யாரும் தொடாத ஒரு விஷயம், எனக்கு இந்தப் படத்தில் முக்கியமானதே அதுதான்.

படத்தின் முடிவில் தங்கையும் எட்டியும் கல்யாணம் செய்துகொண்டு குடியும் குடித்தனமுமாகிவிடுகிறார்கள். ஹாங்க் தன்னோடு மேடையில் ஆட ஒரு புது ஜோடியைச் சேர்த்துக்கொண்டு, மாமாவோடு வண்டியேறி வெளியூர் வாட்வில் சுற்றுக்குக் கிளம்புகிறாள். சீக்கிரமே நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்று ஜோடிக்குத் தைரியம் சொல்கிறாள். அன்று பார்த்தவர்களுக்கு இது சோகமும் நம்பிக்கையும் கலந்த முடிவு.

அவள் போகும் இடம் என்ன ஆகப்போகிறது என்று பாருங்கள். அமெரிக்கா முழுக்க வாட்வில் கொட்டகைகளைச் சங்கிலியாக நடத்திய பெரிய நிறுவனம் கீத்-ஆல்பீ-ஆர்ஃபியம். ஒரு ஆட்டக்காரிக்கு ஒப்பந்தம் கிடைத்தால், வாரம் ஒரு ஊர் என்று வருடத்தின் பெரும்பகுதிக்கு வேலை இருக்கும். அந்தச் சங்கிலியைத்தான் 1928 அக்டோபரில், அதாவது இந்தப் படம் வருவதற்கு நாலு மாதம் முன்னால், ஆர்சிஏ என்ற ரேடியோ நிறுவனம் ஒரு சிறு படக்கம்பெனியோடு இணைத்து ஆர்கேஓ ஆக்கியது. ஆர்சிஏவிடம் பேசும்படக் கருவி இருந்தது, அதை மாட்டுவதற்குக் கொட்டகைகள் வேண்டும். ஆக, ஹாங்க் ஆடப்போகும் மேடைகளுக்கு முன்னால் வெள்ளைத்திரை தொங்க ஆரம்பித்துவிட்டது. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1932-இல், வாட்வில்காரர்கள் எல்லோரும் ஏற ஏங்கிய நியூயார்க் பேலஸ் தியேட்டரே, நாளுக்கு இரண்டு ஆட்டம் என்ற பழைய வழக்கத்தைக் கைவிட்டது.

அந்தப் பிழைப்பை முடித்துவைத்தது பேசும்படம். அந்தப் பிழைப்பைப் பற்றி நெஞ்சு நெகிழச் சொன்ன முதல் பெரிய பேசும்படம் இதுதான். எடுத்தவர்கள் இது தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சார்லஸ் கிங் உட்பட இதில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த உலகத்தை எடுத்தார்கள். ஆனால் இன்றைக்குப் பார்க்கும் நமக்கு அந்த வண்டிக் காட்சி தாங்கவில்லை.

வெண்ணிலா:

பழையகொட்டகை ஐயா, இதைப் படித்தபின் அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், நான் முதல் தடவை அதை மகிழ்ச்சியான முடிவாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். சான்ஃபீல்ட் என்பது நிஜத்தில் இருந்த ஒருவரைக் குறித்ததுதானா?

பழையகொட்டகை:

ஆமாம், ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட். இறகும் மணியும் சூடிய அழகிகளை மேடையில் படிப்படியாக நிறுத்திவைக்கும் 'ஃபாலீஸ்' நிகழ்ச்சிகளை நடத்தியவர். குவீனியைக் கப்பல் முனையில் நிறுத்துவது அந்த மாதிரி அலங்காரம்தான். பாட வேண்டாம், ஆட வேண்டாம், நின்றால் போதும். ஹாங்குக்குப் பொறுக்காதது அதுதான், காலெல்லாம் நோக ஆடிக் கற்றுக்கொண்ட தொழிலுக்கு அங்கே விலையில்லை. அக்கா தங்கை பாத்திரங்களுக்கு டங்கன் சகோதரிகள் என்ற மேடை ஜோடியின் சாயல் உண்டு என்பார்கள்.

தெருவிளக்கு:

எனக்குப் பிடித்த படம் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 1933. இதை அதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். 'பிராட்வே மெலடி' ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எல்லா ஸ்டூடியோவும் மேடைக் கதைகளாக எடுத்துத் தள்ளி, 1930 முடிவதற்குள் ஜனங்களுக்குத் திகட்டிவிட்டது. எடுத்து முடித்த படங்களிலிருந்து பாட்டுகளை வெட்டிவிட்டு வெளியிட்ட கூத்தும் நடந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து இசைப்படத்தைத் தூக்கிவிட்டது வார்னரின் இந்தப் படம். இயக்கம் லாயிட் பேகன், நடனம் பஸ்பி பெர்க்லி. உச்சியிலிருந்து பார்க்கும் கேமராவுக்காகவே அமைத்த நடனங்கள். மேடை என்று சொல்லிக்கொண்டு எந்த மேடையிலும் அடங்காததைக் காட்டுவார்.

நாயகிக்குக் கால் முறிந்து, கூட்டத்தோடு ஆடும் கோரஸ் பெண் ஒரே நாளில் நட்சத்திரமாவதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கடைசிச் சட்டகம். வார்னர் பாக்ஸ்டர் நடித்த ஜூலியன் மார்ஷ், உடம்பு கெட்டு, பங்குச்சந்தையில் பணமும் போய், இந்த ஒரு நாடகத்துக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர். ஆட்டம் முடிந்து ஜனங்கள் வெளியே வருகிறார்கள். எல்லாப் புகழும் அந்தப் பெண்ணுக்குச் சேரவேண்டியது, இந்த மார்ஷ் என்ன செய்துவிட்டார் என்று பேசிக்கொண்டே போகிறார்கள். அவர் பக்கவாட்டு இரும்புப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஹாங்கை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் இதுவும் ஒரே மாதிரியான முடிவுதான். மேடைக்கு உயிரைக் கொடுத்தவர்கள் வெளியே, வெளிச்சம் வேறு யார்மேலோ. நான்கு வருட இடைவெளியில் இரண்டு ஸ்டூடியோக்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

திரைக்கடல்:

தெருவிளக்கு, இந்தப் பொருத்தம் எனக்குத் தோன்றவே இல்லை. மனதார நன்றி.

மணிபல்லவம்:

நல்ல பொருத்தம்தான். ஆனால் வித்தியாசத்தையும் பாருங்கள். 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' அந்தப் படிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. 'பிராட்வே மெலடி'யில் ஹாங்க் வண்டியேறும் வரை அவள் தியாகத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்கைக்காக அக்கா விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம் என்று படமே நமக்குப் பாடம் எடுக்கிறது. காதலனை விட்டுக்கொடு, தொழிலையும் விட்டுக்கொடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியூருக்குப் போ. பெஸ்ஸி லவ் என்ற நடிகை அந்த வசனங்களை மீறி நடித்திருக்கிறார், அதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்து அவருக்குத் துணை நிற்கவில்லை.

விருது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1930 ஏப்ரல் 3 அன்று அம்பாசடர் ஹோட்டலில் நடந்த இரண்டாவது ஆஸ்கர் விழா. அந்த வருடம் போட்டிப் பட்டியல் என்று முறையாக அறிவிக்கவே இல்லை. எந்தப் படத்துக்கும் ஒரு விருதுக்கு மேல் கிடைக்கவில்லை, இதற்குக் கிடைத்தது சிறந்த படம் மட்டும். நடிகைக்கான விருது மேரி பிக்ஃபோர்டுக்குப் போனது. நியாயமாகக் கொடுத்திருந்தால் படத்துக்குக் கொடுக்காமல் பெஸ்ஸி லவ்வுக்குக் கொடுத்திருக்கவேண்டும்.

திரைக்கடல்:

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மேரி பிக்ஃபோர்ட், ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெஸ்ஸி லவ்வின் பெயரும் அந்த வருடம் பரிசீலனையில் இருந்தது. 1916-இல் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' படத்தில் நடித்தவர், இந்தப் படம் வந்தபோது அவருக்கு முப்பது வயது, மௌனப்பட மவுசு இறங்கியிருந்த நேரம். ஹாங்காக நடித்ததால் கிடைத்த இரண்டாம் சுற்றும் நீடிக்கவில்லை. 1935-இல் இங்கிலாந்துக்குக் குடிபோய், அங்கே சின்னச் சின்ன வேடங்களில் பல பத்தாண்டுகள் நடித்து, 1986-இல் லண்டனில் இறந்தார்.

நன்செய்:

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒலித்தடம் சொன்ன அந்த மைக் சிரமம் இங்கேயும் அப்படியே இருந்தது. 1931 அக்டோபர் 31-இல் வந்த 'காளிதாஸ்' தொடங்கிப் பல வருடங்களுக்கு நம் நடிகர்கள் மைக்குக்கு எதிரே பாடிக்கொண்டேதான் நடித்தார்கள், வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே. பாடத் தெரியாதவருக்கு நாயக வேடமே கிடையாது என்ற நிலை அதனால்தான். தமிழில் பின்னணிப் பாடலை முதலில் பயன்படுத்தியது என்று சொல்லப்படும் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' வந்தது 1938-இல்.

வெண்ணிலா:

கடைசியாக ஒரு கேள்வி. இதே பெயரில் 1936, 1938, 1940 என்று வருடம் போட்டு எம்ஜிஎம் படங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஹாங்கின் கதை தொடருகிறதா?

ஒலித்தடம்:

இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று, கதையெல்லாம் வேறு வேறு. அவற்றில் பார்க்கவேண்டியது எலினார் பவலின் கால்கள். 1940 படத்தில் அவரும் ஃப்ரெட் அஸ்டேரும் சேர்ந்து ஆடும் 'பிகின் தி பிகீன்' ஒன்றுக்காகவே பார்க்கலாம். ஹாங்கின் கதையை மறுபடி எடுத்த படம் 'டூ கேர்ல்ஸ் ஆன் பிராட்வே', அதுவும் 1940. அக்காவாக ஜோன் பிளான்டெல், தங்கையாக லானா டர்னர். பாட்டுகளைத் தேடுகிறீர்கள் என்றால் 1952-இன் 'சிங்கிங் இன் தி ரெயின்' பாருங்கள். 'பிராட்வே மெலடி', 'யூ வேர் மென்ட் ஃபார் மீ' இரண்டும் அதில் வரும். நேசியோ ஹெர்ப் பிரவுனோடு சேர்ந்து 1929-இல் அவற்றை எழுதிய ஆர்தர் ஃப்ரீட்தான் அந்தப் படத்தின் தயாரிப்பாளர்.